சாரல் வரும் வழியே: கொல்லத்துத் தங்கசேரிக்கு ஒரு வரலாற்றுப் பயணம்



ஆனி மாதம் பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் எல்லாருடைய கண்ணும் மேற்கே திரும்பிவிடும். மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா, இவ்வாண்டு சீசன் எப்படி என்பதே தெருவெங்கும் பேச்சு. ஆனால் அந்தச் சாரல் எங்கிருந்து வருகிறது என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கொல்லத்துக் கரையில் ஏறி, ஆரியங்காவுக் கணவாய் வழியே இப்பக்கம் நுழைந்து, குற்றாலத்தில் சாரலாய் விழுகிறது. நம் தலையை நனைப்பது கொல்லத்துக் கடல் என்று சொன்னால் அது மிகையாகாது.

பவள விழா மலரில் நம் பங்கின் வரலாற்றை எழுதாமல், மலைக்கு அப்பால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு துறைமுகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பதிவேட்டில் இல்லாத பக்கம்

சென்ற ஆண்டு விழா ஆயத்த வேலைகள் தொடங்கிய சமயம், கொல்லத்திலிருந்து ஒரு மூதாட்டி தம் பேரனுடன் நம் பங்கு இல்லத்துக்கு வந்தார். இப்பங்கு தோன்றிய தொடக்க ஆண்டுகளில் இங்கே ஞானஸ்நானம் பெற்றவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிழைப்புத் தேடிப் புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு அவரைத் தூக்கிச் சென்றுவிட்டனர். தாய் சீக்கிரமே இறந்துபோனார். தாயின் வீட்டுப் பெயர் மட்டும் தெரியும். ஞானஸ்நானப் பெயர் தெரியாது.

"சாமி, சர்ட்டிபிகேட்டு ஒண்ணும் வேண்டாம். எங்க அம்மா பேரும் எம்பேரும் எழுதியிருக்க எடத்த ஒரு தரம் பாத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

பீரோவைத் திறந்து பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்தோம். பல மழைக்காலங்களாகச் சுவரில் இறங்கிய ஈரமும் கரையானும் சேர்ந்து தொடக்க ஆண்டுகளின் தாள்களைத் தின்றுவிட்டிருந்தன. எஞ்சியவற்றில் அவர் பெயர் இல்லை. அவர் ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "தங்கசேரிப் பக்கந்தான் மகன் வீடு. ஒரு நாளைக்கு எல்லாருமா வாங்க சாமி" என்று அழைத்துவிட்டுப் போனார்.

திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் எண், பங்கின் பழைய பதிவேடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்று பங்குத் தந்தையைப் பணிக்கிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். கரையான் தின்ற தாளைக் கையில் பிடித்த அன்றுதான் அச்சட்டத்தின் பொருள் விளங்கிற்று. அந்த மன உறுத்தலோடுதான், பங்குப் பேரவையினர், உபதேசியார், இளைஞர்கள் என்று பதினான்கு பேராகத் தங்கசேரிக்குப் புறப்பட்டோம்.

மலையைக் கடக்கும் பாதை

விடியற்காலையில் தென்காசியில் ரயில் ஏறினோம். செங்கோட்டை தாண்டிப் பகவதிபுரம் வந்ததும் வண்டி மலையேறத் தொடங்குகிறது. குகைகளுக்குள் புகுந்து வெளிவந்து, ஆரியங்காவு, இடப்பாளையம் கடந்து, புகழ்பெற்ற பதிமூன்று கண் பாலத்தின் மேல் தென்மலையை நோக்கி இறங்குகிறது.

புனலூருக்கும் செங்கோட்டைக்கும் இடையிலான இப்பாதை 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. மலைப்பகுதி வேலை முடியுமுன்பே கொல்லத்துக்கும் புனலூருக்கும் இடையே வண்டி ஓடியது. அந்த வண்டிக்கான எஞ்சின் பாகங்களைத் தூத்துக்குடியிலிருந்து கடல் வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள் என்பர். மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நிறுத்தப்பட்டு, அகலப் பாதையாக 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டதை நாம் அனைவரும் அறிவோம். அந்த எட்டு ஆண்டுகளில் மலைக்கு அந்தப்புறம் உறவுள்ளவர்கள் பட்ட சிரமத்தையும் அறிவோம்.

ரயில் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கணவாய் மக்கள் நடந்த வழி. நெல்லும் துணியும் மிளகாயும் இங்கிருந்து போயின. மிளகும் பாக்கும் தேங்காயும் அங்கிருந்து வந்தன. இன்றும் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றும் லாரிகளுக்கு இந்த வழிதான். நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் 'கொல்லம் ஆண்டு' என்ற கணக்கு காணப்படுகிறது. கி.பி. 825-இல் தொடங்கும் அந்த ஆண்டுக் கணக்கு இத்துறைமுகத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. மலைக்கு இப்பால் இருந்த நம் முன்னோரும் தங்கள் வரவு செலவையும் நிலக் கிரயத்தையும் கொல்லத்தின் பெயரால் எண்ணினார்கள் என்றால், அவ்வூரின் செல்வாக்கை உணரலாம்.

செப்பேட்டில் நிற்கும் ஊர்

கொல்லம் சந்திப்பிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கடலோரமாய் அமைந்தது தங்கசேரி. தங்கம் புழங்கிய சேரி என்று மக்கள் பெயர்க் காரணம் கூறுகிறார்கள். வளைவு வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்ததும், 1902 முதல் ஒளி வீசிவரும் கலங்கரை விளக்கம் கண்ணில் படுகிறது. சிவப்பும் வெள்ளையுமாய்ச் சாய்ந்த பட்டைகள் தீட்டிய அந்தக் கோபுரம் 41 மீட்டர் உயரம். மேலே ஏறிப் பார்த்த நம் இளைஞர்கள், "சாமி, இங்க நின்னா சாரல் கிளம்புறது தெரியும்போல!" என்று வியந்தார்கள்.

இக்கரையின் பழமைக்கு எழுத்தில் உள்ள பெருஞ்சான்று தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849-இல், சேர மன்னன் ஸ்தாணு ரவியின் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோவிலுக்கு நிலமும் உரிமைகளும் அளித்து எழுதிக் கொடுத்த பட்டயம் அது. நம் பாண்டி நாட்டிலும் வழங்கிய அதே வட்டெழுத்தில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களோ கடல் கடந்து வந்த வணிகர்கள். அரபு எழுத்திலும், பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் அவர்களுடைய கையொப்பங்கள் உள்ளன. கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர், பார்சி சமயத்தார் ஆகிய எல்லாரும் ஒரு கோவிலின் உரிமைக்குச் சாட்சி நின்றிருக்கிறார்கள். இன்று நம் ஊர்களில் ஒரு குருசடிக்குச் சுவர் எழுப்புவதற்கே எத்தனை பேச்சு நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, இச்செய்தி நமக்குப் பெரும் படிப்பினை.

அந்தத் தரிசாப்பள்ளிக் கோவில் இன்று இல்லை. பட்டயத்தின் ஏடுகள் கோட்டயத்திலும் திருவல்லாவிலும் பத்திரமாக உள்ளன. கோவில் போயிற்று, எழுத்து நின்றது. இந்த எண்ணம் அன்று முழுவதும் நம்மைப் பின்தொடர்ந்து வந்தது.

ஐந்நூறு ஆண்டு காத்திருந்த ஆயர் பீடம்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, கொல்லத்து மிளகையும் இஞ்சியையும் குறித்து எழுதிவைத்தார். சீனக் கப்பல்களும் அரபுக் கப்பல்களும் இங்கே சந்தித்தன. 2014-இல் துறைமுகத்தில் தூர்வாரியபோது சீனக் காசுகளும் பீங்கான் ஓடுகளும் கிடைத்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இப்பெருந்துறைக்கு வந்த வேதபோதகர்களுள் தலையாயவர் சாமிநாதர் சபைத் துறவி யோர்தானுஸ் அடிகளார். 1321-இல் பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவில் அவருடைய உடன்பயணிகளான பிரான்சிஸ்கன் சபையினர் நால்வர் வேதசாட்சிகளாய் உயிர் நீத்தனர். அவர்களுடைய உடல்களை அடக்கம் செய்துவிட்டு அவர் தன்னந்தனியே பணியைத் தொடர்ந்தார். நம் நாட்டின் தென்னையையும் பலாவையும் மேல்நாட்டவருக்கு வியப்புடன் விவரித்த நூல் ஒன்றும் எழுதினார். 1329 ஆகஸ்டு 9 அன்று பாப்பரசர் 22-ஆம் அருளப்பர் கொல்லத்தை மறைமாவட்டமாக நிறுவி, அவரையே முதல் ஆயராக நியமித்தார். இந்தியாவில் இலத்தீன் திருச்சபையின் முதல் மறைமாவட்டம் இதுவே.

நம் பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973-இல் உருவானது. அதை நினைத்துக்கொண்டு 1329 என்ற எண்ணைப் படித்தபோது நம்மில் சிலருக்குச் சற்றே கூச்சமாக இருந்தது. ஆனால் முழுக் கதையையும் கேட்க வேண்டும். யோர்தானுஸ் ஆயர் கொல்லம் வந்து தம் பீடத்தில் அமர்ந்ததற்கு ஆவணம் ஒன்றும் எஞ்சவில்லை. அவருக்குப் பின் அப்பீடம் வெறுமையாயிற்று. 1886-இல்தான் அம்மறைமாவட்டம் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இடைப்பட்ட காலம் 557 ஆண்டுகள்! அத்தனை காலமும் 'கொல்லம் ஓர் ஆயர் பீடம்' என்ற உண்மையை உயிரோடு வைத்திருந்தது எது? பாப்பரசரின் ஆணையை ஏட்டில் எழுதி, அந்த ஏட்டைப் பத்திரமாகக் காத்த எழுத்தர்களின் கைகளே.

கோட்டையும் பதினாறு பக்கமும்

போர்ச்சுக்கீசியர் 1503-இல் கொல்லத்தில் பண்டகசாலை வைத்தனர்; 1519-இல் தங்கசேரியில் புனித தோமையார் கோட்டையை எழுப்பினர். 1661-இல் அது டச்சுக்காரர் வசமாயிற்று; 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பீரங்கிகள் முழங்கிய அக்கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது சிதைந்த சில செம்புரைக் கற்சுவர்கள் மட்டுமே. சுவரில் ஆலம் வேர் ஊடுருவியிருக்கிறது. பக்கத்தில் மீனவர்கள் வலை உலர்த்துகிறார்கள். 1614-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் குழந்தை இயேசு பேராலயமும் பழுதுற்று, இந்நூற்றாண்டில் புதிதாகக் கட்டப்பட்டதே. அங்கே மண்டியிட்டு நம் பங்குக்காகச் செபித்தோம்.

ஆனால் அதே போர்ச்சுக்கீசியர் காலத்தில் இக்கொல்லத்தில் நடந்த வேறொரு காரியம், அந்தக் கோட்டையைவிட நமக்கு நெருக்கமானது. இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் 1546-இல் இந்தியா வந்து, புனித சவேரியாரால் முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டவர். தமிழைப் படித்தார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார், மீனவ மக்களோடு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். அவர் தமிழாக்கிய செபங்களும் ஞான உபதேசமும் 'தம்பிரான் வணக்கம்' என்ற பெயரில், 1578 அக்டோபர் 20 அன்று, கொல்லத்திலிருந்த இயேசு சபையினரின் மீட்பர் கல்லூரியில் அச்சேறின. இந்திய மண்ணில் இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. பக்கங்கள் பதினாறே.

முதற்கட்டமாகக் கோவாவில் 1577-இல் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவை அவ்வளவாக அமையாததால் 1578-இல் கொல்லத்தில் மேலும் எழுத்துகள் வார்த்தார்கள். கொல்லம் பகுதியைச் சேர்ந்தவரும் இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியக் குருவுமான பெரோ லூயிஸ் அடிகளார் இப்பணியில் துணை நின்றார். செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் தங்கள் உழைப்பின் காசைத் திரட்டிக் கொடுத்தார்கள். அரசரும் பிரபுக்களும் அல்லர். கடலில் மூச்சடக்கி முத்தெடுத்த ஏழை எளிய மக்களே தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலுக்குப் பொருள் தந்தவர்கள். அடிகளார் 1600-இல் இறைவனடி சேர்ந்து தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்நூலின் எத்தனை படிகள் அச்சிடப்பட்டு எத்தனை குடிசைகளில் செபிக்கப்பட்டனவோ! இன்று உலகில் அறியப்பட்டுள்ள ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததனால்தான் தமிழ் அச்சின் வரலாறு நமக்குத் தெரிகிறது. அந்த ஒருவரும் எறிந்திருந்தால்?

இடம் மாறிய எல்லைக் கோடு

தங்கசேரியின் தெருவொன்றில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், "நீங்கள் தென்காசியா? அப்படியானால் ஒரு காலத்தில் நாமெல்லாம் ஒரே ஜில்லா" என்று சிரித்தார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எண்ணினோம். உண்மைதான். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நடுவே, நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்புடைய தங்கசேரி மட்டும் ஆங்கிலேயருக்கு உரியதாக இருந்தது. 1906-இல் அதை அஞ்சுதெங்கு என்ற சிறு ஜில்லாவில் வைத்தனர். 1927-இல் அந்த ஜில்லா கலைக்கப்பட்டு, அஞ்சுதெங்கும் தங்கசேரியும் திருநெல்வேலி ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டன! 1950-இல்தான் அவை திருவிதாங்கூர்-கொச்சியில் இணைந்தன.

இதற்கு நேர்மாறாக, தென்காசிக்கு எட்டு கிலோமீட்டரில் உள்ள நம் செங்கோட்டை அந்நாளில் கொல்லம் பிரிவைச் சேர்ந்த திருவிதாங்கூர்ப் பூமி. 1956 நவம்பர் 1 அன்றுதான் அது சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆக, 1927 முதல் 1950 வரை, கொல்லத்துக் கடலோரம் திருநெல்வேலி ஜில்லாவாகவும், நம் வீட்டு வாசற்படி கொல்லமாகவும் இருந்திருக்கின்றன. 2019-இல் தென்காசியே தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். அக்கோடுகளுக்கு மேலாக மக்கள் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள், பிழைக்கப் போனார்கள், இறந்தவரைப் புதைத்தார்கள். அவர்களை ஒன்றாய்ப் பிணைத்து வைப்பது எந்த ஜில்லாவின் கோப்பும் அன்று. கோவிலின் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகிய மூன்று பதிவேடுகளே.

அன்று மாலை அந்த மூதாட்டியின் மகன் வீட்டுக்குப் போனோம். கப்பையும் மீன் குழம்பும் வைத்து உபசரித்தார்கள். பதிவேட்டைப் பற்றி அவர் மீண்டும் கேட்கவில்லை. அதுவே நமக்குப் பாரமாயிற்று.

திரும்பி வந்த பின்

ஊர் திரும்பிய ஞாயிறன்று, திருப்பலியில் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். கரையான் தின்ற ஆண்டுகளில் நடந்த ஞானஸ்நானங்களைப் பற்றி யாருக்கேனும் நினைவிருந்தால் வந்து சொல்லுங்கள் என்று வேண்டினோம். அடுத்த வாரம், எண்பத்தெட்டு வயதான நம் பங்குத் தாய் ஒருவரைப் பேத்தி கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"சாமி, ரப்பர்க் காட்டுக்குக் கொண்டுபோன அந்தப் பிள்ளைக்கு நாந்தாம் ஞானத்தாய். எனக்கு அப்பப் பதினாறு வயசு. பிள்ளை தண்ணி ஊத்தும்போது அழவே இல்ல" என்றார். குழந்தையின் தாய்க்குக் கோவிலில் வழங்கிய பெயரையும் தடுமாறாமல் சொன்னார்.

பதிவேடு இல்லாதபோது, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு சாட்சியின் வாக்குமூலமே ஞானஸ்நானத்தை நிலைநாட்டப் போதும் என்பது திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 876-ஆம் எண். அதன்படி வாக்குமூலம் எழுதி, அவருடைய கைநாட்டைப் பெற்று, மேலிட அனுமதியுடன் புதிய பக்கத்தில் அப்பெயரை எழுதினோம். அதன் நகலை எடுத்துக்கொண்டு உபதேசியார் கொல்லம் சென்று வந்தார். எழுபது வயது தாண்டிய மகள், தன்னைப் பெற்றவளின் ஞானஸ்நானப் பெயரை அன்றுதான் முதன்முதலாக அறிந்தார். தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாக உபதேசியார் கூறினார். அப்பெயரை நாம் இங்கே அச்சிடவில்லை. அது அக்குடும்பத்துக்கு உரியது.

இரண்டு மாதம் கழிந்து அந்த ஞானத்தாய் இறைவனில் இளைப்பாறினார். நாம் கொல்லத்துக்குப் போகாமல் இருந்திருந்தால், அல்லது அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அந்தப் பெயர் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆகையால், அன்புக்குரியவர்களே, பவள விழா நினைவாக ஒரு கொடிமரமும் ஒரு வளைவும் எழுப்ப வேண்டும் என்று பலர் விரும்புகிறீர்கள். நல்லது. தங்கசேரியில் நாம் கண்டதைக் கொண்டு அதற்கு முன்பாக வேறொன்றைக் கேட்கிறோம். பழைய பதிவேடுகளில் எஞ்சிய பக்கங்களை இரண்டு படியாக எழுதும் வேலையை இளைஞர்கள் தொடங்கிவிட்டார்கள். ஈரம் படாத இரும்புப் பெட்டி ஒன்று வாங்கியாயிற்று. இனி உங்கள் பங்கு: வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய ஞானஸ்நானச் சீட்டு, திருமண அழைப்பிதழ், புதுநன்மைப் படம், கல்லறைச் செலவுக் கணக்கு எதுவானாலும் கொண்டு வாருங்கள்; படி எடுத்துத் திருப்பித் தருகிறோம். வீட்டில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நாமே நோட்டுப் புத்தகத்துடன் வருகிறோம்.

கோட்டை கட்டியவர்கள் மூன்று பேர் கைமாறிப் போனார்கள். பதினாறு பக்கத்துக்குக் காசு கொடுத்த முத்துக்குளிப்போர் நிலைத்து நிற்கிறார்கள். அடுத்த விழா மலரை எழுதப்போகும் பங்குத் தந்தை யாராக இருந்தாலும், அவர் பீரோவைத் திறக்கும்போது பக்கங்கள் முழுமையாக இருக்கட்டும். அதற்கான அருளை இறைவன் நம் அனைவருக்கும் தருவாராக.

இயேசுவில் அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை